எர்த்தில் தொலைந்த இரண்டே முக்கால் வோல்ட்

ஜித்தின் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து ரெஜிக்கு மாமனார் வீட்டு மீன்குழம்பு ருசிப்பதில்லை. குழம்பில் ஒரு குறையும் கிடையாது. மாமியார் ராஜபாய் அதே கொடம்புளி போட்டு, அதே தேங்காய் அரைத்துத்தான் வைக்கிறாள். முன்பெல்லாம் சட்டியில் கிடக்கும் தலைத்துண்டு கேட்காமலே ரெஜியின் தட்டுக்கு வந்துவிடும். இப்போது அகப்பை ஒரு நொடி நிற்கிறது, இரண்டு மருமகன்களின் தட்டையும் பார்க்கிறது, பிறகுதான் இறங்குகிறது. பெரும்பாலும் ரெஜியின் தட்டில்தான் இறங்குகிறது என்பது வேறு விஷயம். அந்த ஒரு நொடி அவனுக்குத் தொண்டையில் நின்றது.

தங்கப்பனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஜிஜாவைக் கட்டியவன் ரெஜி, இளையவள் பிரின்சியைக் கட்டியவன் ஜித்தின். சகலைகள் இருவருமே வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்க்கிறவர்கள். ஒரே தொழிலில் இரண்டு மருமகன்களை எடுக்காதே என்று யாராவது தங்கப்பனுக்குச் சொல்லியிருக்கலாம். கல்யாணம் பேசும்போது ஜித்தினுக்கு மஸ்கட்டில் கம்பெனி வேலை என்றார்கள். என்ன கம்பெனி, என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து அவன் ஒரு பெட்டி நிறைய மீட்டரும் வயரும் தூக்கிக்கொண்டு வந்து, நெய்யாற்றின்கரை தாண்டி ஆறாலும்மூட்டில் கடை போட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

ரெஜிக்கு உச்சக்கடையில் தகர ஷெட். இருபத்திரண்டு வருடத் தொழில். குளத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஜீப்போ ஆட்டோவோ டெம்போவோ எது படுத்தாலும் ‘ரெஜியிட்ட கொண்டு போ’ என்பார்கள். ஒரு பல்பும் இரண்டு வயருமாக அவனே கட்டிய டெஸ்ட் லாம்பு ஒன்று உண்டு. அதையும் தன் காதையும் நம்பித்தான் இத்தனை வருடம் தொழில் ஓடியது. ஜித்தின் வந்த பிறகும் குறைவில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பொறாமைக்கு அதெல்லாம் கண்ணில் படாது. ஜித்தினின் கடைக்குத் தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து ரெஜி இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜித்தின் மரியாதையாக ‘அண்ணே’ என்று கூப்பிடுவதுகூட எரிச்சலாக இருந்தது. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டி ஆறிக்கொள்ளலாம். பாவி, நல்லவனாக இருந்து தொலைத்தான்.

இதெல்லாம் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த சமாச்சாரம். வெளியே வரக் காரணமாக இருந்தது ஒரு கடைமுறியும் ஒரு காரும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் மெயின்ரோட்டோரம் தங்கப்பனுக்குச் சொந்தமாக ஒற்றை அறைக் கடைமுறி ஒன்று உண்டு. அதில் பெயின்ட் கடை வைத்திருந்தவர் மாதக் கடைசியில் காலி செய்வதாக இருந்தது. அதே நேரம் பார்த்து ரெஜியின் ஷெட் நிற்கிற இடத்துக்காரர், வீடு கட்டப் போகிறேன், ஓணத்துக்கு முன்னால் ஒழித்துத் தா என்று சொல்லிவிட்டார். முறி கிடைக்காவிட்டால் ஓணத்துக்குப் பிறகு ரெஜிக்கு ஸ்பானர் வைக்கக்கூட இடம் கிடையாது. மூத்த மருமகனுக்குத்தானே என்ற தைரியத்தில் அவன் மனதுக்குள் போர்டே எழுதி மாட்டியிருந்தான்.

கார் என்பது தங்கப்பனின் பன்னிரண்டு வயதான வெள்ளைக் கார். ஏழு மாதமாக அது சண்டித்தனம் செய்தது. சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை எடுக்கும். ரெஜி பாட்டரியை மாற்றினான். டெர்மினல் மாற்றினான். செல்ஃப் மோட்டாரை இறக்கி, கார்பன் புதிதாகப் போட்டு ஏற்றினான். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகிப்போய்விட்டது என்று மாமனார் சொன்னார், அதையும் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் லாம்பை செல்ஃப் மோட்டாரில் தொட்டு வைப்பான், பல்பு பளிச்சென்று எரியும். ‘கரண்டு நல்லா வருது மாமா, இனி பிரச்சினை இல்ல’ என்பான். இரண்டு நாள் பிரச்சினை இருக்காது.

வியாழக்கிழமை பாலராமபுரத்தில் தங்கப்பனின் தங்கை மகளுக்குக் கல்யாணம். விருந்து முடிந்து கிளம்பும்போது, பெண்வீடு மாப்பிள்ளைவீடு இரண்டும் வாசலில் நிற்கையில், கார் முனகி நின்றது. கசவு வேட்டி கட்டிய எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். ராஜபாய் முன்சீட்டில் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தள்ளியவர்களில் முன்னால் நின்றவன் ஜித்தின். தள்ளுவதில்கூட அவன் முந்திக்கொண்டான் என்று ரெஜிக்கு வயிறு எரிந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் தங்கப்பன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சுகாதார இலாகாவில் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவர், எதையும் ஒரு உத்தரவாகத்தான் சொல்வார்.

“ரெண்டு மாப்ளமாரும் கேட்டுக்கிடுங்க. எந்தக் கை இந்த வண்டிய செரியாக்குதோ, அந்தக் கைக்காக்கும் பாறசாலை முறி. ரெஜிக்கு ஏழு மாசம் குடுத்தாச்சு. இனி ஜித்தின் பாக்கட்டு. திங்களாழ்ச்ச வண்டி ஆறாலும்மூட்டுக்குப் போவும்.”

“மாமா, முறிக் காரியம் இப்பம் எதுக்கு? நான் சும்மா பாத்துத் தாறேன்” என்றான் ஜித்தின்.

“நீ மிண்டாம இரி மக்கா” என்று அவன் வாயை அடைத்தார் தங்கப்பன்.

 ‘மக்கா’ என்ற அந்த வார்த்தை யார் பக்கம் போயிற்று என்பதைத்தான் ரெஜி கவனித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிலே ஒன்று வேண்டும் என்ற சாக்கில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆறாலும்மூட்டுக்குப் போனான். உச்சக்கடையில் ரிலே கிடைக்காதா என்று ஜிஜா கேட்டபோது பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

ஜித்தினின் கடையில் டைல்ஸ் உண்மையாகவே போட்டிருந்தது. போனட் தூக்கிய டாக்ஸி ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரன் உண்ணி, கோட்டுகால் ஊர்க்காரன், கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றான். அவன் வண்டிக்கும் அதே நோய்தான், செல்ஃப் முனகுகிறது.

“அண்ணே, வந்தது கொள்ளாம்” என்றான் ஜித்தின், உண்மையான சந்தோஷத்தோடு. “இதுக்கு ரெண்டு ஆள் வேணும். உண்ணிக்கு கை நடுங்குது. அண்ணன் ஒண்ணு ஏறி இருந்து, நான் சொல்லும்போ செல்ஃப் அடிக்கணும்.”

முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் ரெஜி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தூக்கி நிறுத்திய போனட்டுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக ஜித்தினின் கைகளும் மஞ்சள் மீட்டரும் மட்டும் தெரிந்தன. கண்ணைக் கண்ணாடியில் வைத்துத் தலையைச் சீவுகிறவன் மாதிரி பாவனை செய்துகொண்டு, ரெஜி அந்த இடுக்கையே பார்த்தான்.

ஜித்தின் மீட்டரின் ஒரு முனையை பாட்டரியில் வைத்தான். இன்னொரு முனையை அந்த வயர் போய்ச் சேருகிற செல்ஃப் மோட்டாரில் வைத்தான். ஒரே வயரின் இரண்டு நுனிகள். ரெஜிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வயரின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் நடுவில் என்னத்தை அளப்பது?

“இப்பம் பாரு உண்ணி, பூஜ்யம்” என்றான் ஜித்தின். “சும்மா நிக்கும்போ எல்லா வயரும் நல்ல பிள்ளையாக்கும். உள்ள நூறு இழை அறுந்து ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பன்னிரண்டு வோல்ட்ட கொண்டு போய் காட்டும். பல்பும் எரியும். பல்புக்கு என்ன, கொஞ்சம் போரும். செல்ஃப் மோட்டாரு அப்படி இல்ல, நூறு ஆம்பியர வலிச்சு குடிக்கும். அந்நேரம்தான் வயருக்க வண்டவாளம் வெளிய வரும். அண்ணே, அடிங்க.”

ரெஜி சாவியைத் திருப்பினான். மோட்டார் முனகியது. மீட்டரில் எண் ஏறி நின்றது: ஒன்று புள்ளி ஒன்பது.

“கண்டியா? வயரு நல்லதுன்னா இது பூஜ்யத்துக்க கிட்ட நிக்கணும். இந்த ஒண்ணே முக்காச் சொச்சம், வழியில வயரு தின்னது. மோட்டாருக்கு எத்தல்ல.”

ஒரு முனையை நகர்த்தி நகர்த்தி வைத்து, மூன்று தடவை சாவி திருப்பச் சொல்லி, நாலு நிமிடத்தில் பாட்டரிப் பக்கத்தில் வயர் நுனியைப் பிடித்திருக்கும் லக்குக்குள் பச்சை பிடித்துக் கிடந்த வயரைக் கண்டுபிடித்துவிட்டான். உண்ணி அவனைப் பார்த்த பார்வை ரெஜிக்குத் தெரிந்த பார்வை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பார்வை உச்சக்கடை ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தன் மனைவி வேறொருவனைப் பார்த்துச் சிரித்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு, தோன்றியதற்காக வெட்கப்பட்டான். ரிலே வாங்காமலே திரும்பினான்.

மறுநாள் ஞாயிறு. அதுவும் சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறு. சபையில் யார் வரவில்லை என்று கண்ணில் படுகிற நாள். வயிறு சரியில்லை என்று சொல்லி ஜிஜாவை அனுப்பிவிட்டு, ரெஜி மாமனார் வீட்டுக்குப் போனான். எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். கார் போர்ச்சில் கிடந்தது. ஏழு மாத வைத்தியத்தில் ஒரு டூப்ளிகேட் சாவி அவன் கையில்தான் இருந்தது.

சும்மா பார்க்கத்தான் போனான். ஜித்தினின் வித்தை இந்த வண்டியில் பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்துகொள்ள. பலிக்கவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அவ்வளவுதான் அவன் போட்ட திட்டம்.

அவனிடமும் ஒரு மீட்டர் உண்டு. நாலு வருடமாக பாட்டரி பார்க்க மட்டும் பயன்பட்டது. சாவி திருப்ப இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு, மீட்டரின் இரண்டு முனையிலும் நீளமாக வயர் முறுக்கி, நுனியில் பல் கிளிப் மாட்டி, போனட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு வந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். மீட்டர் வயரில் கரண்டு ஒன்றும் பெரிதாக ஓடாது, எவ்வளவு நீளமானாலும் எண் மாறாது. இது ஜித்தின் சொல்லித் தந்ததில்லை, ரெஜியின் சொந்த மண்டையில் உதித்தது. எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் வயரை முதலிலேயே கழற்றிவிட்டிருந்தான்.

பாட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரை அளந்தான். செல்ஃப் அடித்தபோது எண் அசையவே இல்லை. சுத்தம். அவனுக்குள் ஒரு குரூர சந்தோஷம் எழுந்தது. ஜித்தினின் வித்தை பலிக்கவில்லை.

கிளிப்பைக் கழற்றப் போனவன் நின்றான். போகிற வழி சரி. திரும்பி வருகிற வழி? மோட்டாருக்குள் போன கரண்டு எஞ்சின் இரும்பு வழியாக, வண்டியின் உடம்பு வழியாக, பாட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வர வேண்டுமே. எர்த்து. ஏழு மாதத்தில் அந்தப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு கிளிப்பை பாட்டரி மைனஸில் மாட்டினான், இன்னொன்றை எஞ்சினில் கடிக்க வைத்தான். உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

இரண்டே முக்கால் வோல்ட்.

ரெஜி மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் அடித்தான். அதே இரண்டே முக்கால். கிளிப்பை ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டே வந்தான். பாட்டரிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் ஒன்றுமில்லை. உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அத்தனையும் நின்றது. அங்கே இருப்பது ஒரே ஒரு பின்னல் பட்டை, ஒரே ஒரு போல்ட்டு. கைவைத்தான், சுட்டது. கழற்றினான். இரண்டு வருடத்துக்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடித்த புண்ணியவான் அந்தப் போல்ட்டின் அடியிலும் அடித்து, பெயின்ட்டின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருந்தான். மரையில் தொட்டுக்கொண்டிருந்த கொஞ்சம் இரும்பும் துருப்பிடித்துவிட்டது.

அப்போதுதான் ஆக்ஸிலேட்டர் கேபிளின் ஞாபகம் வந்தது. எர்த்தில் வழி கிடைக்காத கரண்டு அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டிருக்கிறது. அதனால்தான் இறுகியது. அவனோ புதுக் கேபிள் போட்டுவிட்டு, பழையது மட்டமான சாதனம் என்று மாமனாரிடம் வியாக்கியானம் செய்தான். காது மடல் வரை சூடேறியது.

வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியை இவ்வளவு தெளிவாக அவன் புரிந்துகொண்டதில்லை. அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே போர்ச்சில் உட்கார்ந்திருந்து, சபை விட்டு வருகிற மாமனாரிடம் ‘மாமா, கண்டுபிடிச்சாச்சு’ என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. முறி அவனுக்கு.

அவன் புத்தி அங்கே போகவில்லை. நாளைக்கு ஜித்தின் இதே இடத்தில் மீட்டரை வைப்பான், நாலு நிமிடத்தில் கண்டுபிடிப்பான் என்றுதான் ஓடியது. பிறகு ஒரு படம் மனதில் எழுந்தது. ஜித்தின் மீட்டரை வைக்கிறான், ஒன்றும் இல்லை. இடம் மாற்றி வைக்கிறான், ஒன்றும் இல்லை. டைல்ஸ் போட்ட கடையில் வியர்த்து வழிந்து நிற்கிறான். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, ‘நோய் என்னன்னு தெரியல்ல மாமா’ என்று மூக்கறுபட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறான். பாறசாலை முறியைவிட அந்தப் படம் ரெஜிக்கு ருசியாக இருந்தது. பொறாமை தலைக்கேறியவன் லாபத்தைத் தேட மாட்டான், அடுத்தவன் நஷ்டத்தைத்தான் தேடுவான்.

நோயையே எடுத்துவிட்டால் அவன் மீட்டருக்கு என்ன அகப்படும்? பெயின்ட்டைச் சுரண்டினான். எமரி பேப்பர் போட்டு இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்த்தான். பட்டையின் லக்கைத் தேய்த்தான், போல்ட்டின் ஒவ்வொரு மரையையும் பிரஷ் போட்டுத் துடைத்தான். இறுக்கி முறுக்கி, மேலே வாஸலின் தடவினான். யாருக்காகவும் அவன் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. மறுபடி அளந்தான். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. காயில் வயரை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். முதல் அடியிலேயே எஞ்சின் எடுத்தது. சபை மைக்கில் கடைசிப் பாட்டு தொடங்கியது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிளம்பினான்.

வீட்டில் ஜிஜா அவன் விரல்நகங்களைப் பார்த்தாள்.

“வயத்துக்கு இப்பம் எப்படி உண்டு?”

“கொள்ளாம்” என்றான் ரெஜி.

அவன் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. இந்த ஊரில் வண்டி நன்றாக ஓடினால், கடைசியாக யார் கடைக்குப் போயிற்றோ அவனுக்குத்தான் பேர். திங்கட்கிழமை கார் முதல் அடியிலேயே எடுத்து ஆறாலும்மூட்டுக்குப் போயிற்று, பத்துக்கு ஒரு தடவை எடுக்கிற அந்த ஒரு தடவை என்று தங்கப்பன் அதைச் சட்டை செய்யவில்லை. புதன்கிழமை திரும்பி வந்தது. தங்கப்பன் அதில் ராஜபாயை ஏற்றிக்கொண்டு ஏழு இடங்களுக்குப் போனார். ஏழு இடத்திலும் வேண்டுமென்றே வண்டியை அணைத்து, அணைத்து எடுத்தார். ஏழு தடவையும் முதல் அடியிலேயே எடுத்தது. மறுநாள் மத்தியானம் இரண்டு பெண்களையும் மருமகன்களையும் சாப்பிட வரச் சொன்னார்.

“முறி ஜித்தினுக்கு” என்றார், இலை போட்டதும்.

“மாமா, நான் வண்டி திருப்பித் தந்தப்பவே சொன்னேன்” என்றான் ஜித்தின். “நான் ஒண்ணும் செய்யல்ல. வண்டி கடைக்கு வந்தப்பவே நல்லா இருந்து. ஆரோ எர்த்த...”

“செய்தவன் செய்யல்லன்னுதான் சொல்லுவான்” என்று தங்கப்பன் கையமர்த்தினார். “அதாக்கும் நல்ல வேலைக்காரனுக்க லட்சணம். ஒண்ணும் செய்யாதவன்தான் ஏழு மாசம் ‘கரண்டு நல்லா வருது மாமா’ன்னு சொல்லிட்டே இருப்பான்.”

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜபாயின் அகப்பை இந்தத் தடவை ஒரு நொடிகூட நிற்கவில்லை, நேராக ஜித்தினின் இலைக்குப் போயிற்று.

“ஆரோ தொட்டிருக்கு மாமா, நிச்சயமா.”

“ஆரு தொட? ஞாயிறாழ்ச்ச சபைக்குப் போனது போக நான் வீட்ட விட்டு எறங்கல்ல. அன்னைக்கு ஊரே சபையிலதான் இருந்து.”

ஜிஜா தலையைத் திருப்பி ரெஜியைப் பார்த்தாள். ரெஜி சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான். சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது? திருவிருந்தை விட்டுவிட்டு, திருட்டுச் சாவி போட்டு, மூத்த மருமகன் எதற்காக ஒளிந்து வந்து வண்டியைச் சரியாக்கினான் என்று கேட்டால் என்ன சொல்வது? சகலை மூக்கறுபட வேண்டும் என்பதற்காக என்றா?  பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தான்.

மறுநாள் மத்தியானம் ஜிஜா ஸ்கூட்டரில் சோறு கொண்டு வந்து, ஷெட்டுக்குள் ஸ்டூலில் டிபன் பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்நேரம் ஜித்தினின் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“அண்ணே, ஒரு காரியம் கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“கேளு.”

“மாமாவுக்க வண்டியில எர்த்து செய்தது அண்ணனாக்குமா?”

ரெஜியின் இதயம் ஒரு துள்ளு துள்ளியது. ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை பேரில் ஒருவனுக்காவது தெரிந்துவிட்டது. ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“அண்ணன்தான்னா, இப்பமே போய் மாமாட்ட நான் பறையாம்” என்றான் ஜித்தின். “முறி அண்ணனுக்கு உள்ளது. எனக்கு ஆறாலும்மூட்டுல கடை உண்டு. அண்ணனுக்குத்தானே ஷெட்டு ஒழியணும். நான் விட்டுத் தாறேன்.”

மனதில் கள்ளமில்லாமல்தான் சொன்னான். கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். விட்டுத் தருகிறானாம். தன் கையால் சம்பாதித்த முறி, இவன் கையிலிருந்து தானமாக வர வேண்டுமாம். நாளைக்கு மாமனார் வீட்டில் பிரின்சி சொல்வாள், எங்க வீட்டுக்காரர் விட்டுக் குடுத்த முறி என்று. ராஜபாய் தலையாட்டுவாள். அதில் உட்கார்ந்து தொழில் செய்யும் ஒவ்வொரு நாளும் இவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

“நான் இல்ல” என்றான் ரெஜி.

டிபன் பாத்திரத்தின் மூடி ஜிஜாவின் கையில் அப்படியே நின்றது.

“அண்ணே, நெசமாட்டா?”

“நெசமாத்தான். அன்னைக்கு எனக்கு வயறு செரியில்ல. வீட்டுல கிடந்தேன். வேணும்னா இவளிட்ட கேளு.”

ஜித்தின் ஜிஜாவைப் பார்த்தான். ஜிஜா புருஷனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, “ஓ, கிடந்தாரு” என்றாள்.

ஜித்தின் நம்பிவிட்டான். அவனுக்கு யாரையும் நம்பாமல் இருக்கத் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான்.

“பின்ன ஆருன்னு தெரியல்லியே. அண்ணே, நான் அளந்து பாத்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. மஸ்கட்டுல எங்க ஃபோர்மேன்கூட இப்படி ஒரு எர்த்து கட்டினதில்ல. மரைக்க இடுக்குல ஒரு பொட்டு அழுக்கில்ல. அதும் ஒத்தையாளு. ஜன்னல் ரப்பர்ல வயரு உரசின தடம் உண்டு. மீட்டர மடியில வச்சு, அவனே சாவி திருப்பி, அவனே அளந்திருக்கான். நான் இத்தன வருசம் ஆளுக்கு ஆள் கெஞ்சி சாவி திருப்பச் சொல்லிட்டு நடக்கேன், எனக்கு இந்தப் புத்தி தோணல்ல பாத்துக்கிடுங்க.” அவன் தலையை ஆட்டினான். “என்னைவிட நல்ல கையாக்கும் அது. நம்ம ரெண்டு பேரையும்விட. அந்த ஆள ஒரு நாள் கண்டாக் கொள்ளாம்னு இருக்கு.”

சொல்லிவிட்டுக் கிளம்பினான். பைக் சத்தம் வளைவு திரும்பி மறைந்தது. ஜிஜா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள்.

“ஓணம் கழிஞ்சா எங்கோட்டு போவீங்க?” என்றாள் மெதுவாக.

 அவள் கேட்டது ரெஜியின் காதில் விழவே இல்லை. ஜித்தினின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை யாரைப் பற்றியும் வந்து அவன் கேட்டதில்லை. என்னைவிட நல்ல கை. ஜித்தின் தேடிக்கொண்டு நடக்கப் போகிற, கண்டால் கும்பிடப் போகிற அந்த ஒருவனை ரெஜி நினைத்துப் பார்த்தான். யாருமில்லாத போர்ச்சில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், சந்தோஷமாக உட்கார்ந்திருந்தவனை. அவன்மேல் ரெஜிக்கு வயிறு பற்றி எரிந்தது.